மூன்றாம் மேசையின் பெயரில்லாத ஹப்

யென்வெய் ஊர்க் குடிப்பதிவகத்தில் பெயரோ எண்ணோ இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. அந்த அலுவலகத்தின் பெருமையே அதுதான். வாசல் பூந்தொட்டிக்கு எண் உண்டு. ஈரக் குடை வைக்கும் வாளிக்கு எண் உண்டு. பூந்தொட்டியின் எண்ணை எழுதி நட்டிருக்கும் குச்சிக்குத் தனியாக இன்னோர் எண் உண்டு. இங்கே வந்து எழுதிக்கொண்டால்தான் பிறந்தவன் பிறந்தவன். எழுதினால்தான் செத்தவன் செத்தவன். நூறு மேசை போட்டு ஊருக்கே விருந்து வைத்தாலும், மூன்றாம் மேசைக் கணினியில் ஏறாதவரை மாப்பிள்ளை யாரோ, பெண் யாரோ.

இப்படிப்பட்ட அலுவலகத்தின் அந்த மூன்றாம் மேசையில்தான் பெயரில்லாத ஒன்று ஏழு மாதமாகக் குடியிருந்தது.

அதைப் பார்த்துச் சரிசெய்ய லாய் குவான்-தா வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. நிலாக் கணக்கில் ஏழாம் மாதம், பதினைந்தாம் நாள். கீழுலகத்துக் கதவு திறந்து, கேட்பாரற்றுச் செத்தவர்கள் எல்லாம் பசியோடு ஊருக்குள் வருகிற மாதத்தின் நட்டநடு நாள். அவர்களைப் பேய் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘நல்ல சகோதரர்கள்’ என்பார்கள், காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார்களே என்று. பதிவக வாசலிலும் அவர்களுக்கு நீள மேசை போட்டிருந்தது. வேகவைத்த பன்றி இறைச்சி, அன்னாசி, உடனடி நூடுல்ஸ், குளிர்பானம், முகம் கழுவ ஒரு பேசின் தண்ணீர், துடைக்கப் புதுத் துண்டு. ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி செருகியிருந்தது. பேசினின் அடியில் எண் ஒட்டியிருந்தது.

லாய்க்கு வயது முப்பத்தாறு. போன மாதம் வரை இரவுச் சந்தையில் உடைந்த கைபேசித் திரை மாற்றிக்கொண்டிருந்தான். அரசு அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பழுதான சாமானைச் சரிசெய்வதுதான் வேலை என்று அந்தப் பதினோரு நாளும் நம்பிக்கொண்டிருந்தான், பாவம்.

மூன்றாம் மேசை பான் யீ-ஜென் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஆகஸ்டு வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அதுவரை அவள் கால்களைத் தரையில் படாமல் நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்டு ரீடர் செத்துச் செத்துப் பொழைக்குது மாஸ்டர். என் கார்டு உள்ள இருந்தாத்தான் பதிவு நடக்கும். ஒரு கல்யாணத்த ஏத்த எட்டு நிமிஷம் ஆவும். இது நாலு நிமிஷத்துல செத்துடுது. திரும்ப முதல்லேர்ந்து.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் கணினியிலிருந்து இறங்குகுரலில் இரண்டு மணிச் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து ஏறுகுரலில் இரண்டு. யாரும் எதையும் தொடவில்லை.

“போயிட்டாரு,” என்றார் இரண்டாம் மேசைக்காரர், தலையை நிமிர்த்தாமல். “இப்ப வந்துட்டாரு.”

“யாரு?”

“கௌ அண்ணன்,” பான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இருபத்தாறு வருஷம் இந்த நாற்காலிதான் அவருக்கு. ஜனவரியில, சாப்பாட்டு நேரத்துல, இப்படியே மேசை மேல தலைய வெச்சுப் படுத்தாரு. தூங்குறாருன்னு மூணு மணி வரைக்கும் நாங்க எழுப்பவே இல்ல. அதுலேர்ந்துதான் இது.”

“அவர் முழுப் பேரு என்ன?”

“அய்யோ! இந்த மாசத்துல முழுப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களா? வாசல்ல அத்தனை பேரு நிக்கிறாங்க, பேரு காதுல விழுந்தா ஆளப் பிடிச்சுக்குவாங்க!”

லாய் வாசலைப் பார்த்தான். ஊதுபத்திப் புகையைத் தவிர யாரும் இல்லை. இல்லை, இருந்தார்கள். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பெண்மணி. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு மனிதர். அவர் மூக்கில் குழாய், நாற்காலியின் முதுகில் கட்டிய பிராணவாயு உருளை. பெண்மணி சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். மடிப்புக்கோடு கலையாத புதுச் சட்டை. காலையிலிருந்து நான்கு முறை அவர்களுடைய கல்யாணம் பாதிவரை ஏறி இறங்கியிருந்தது.

அவள் பெயர் ஜோ சியு-ஜின். மீன்சந்தை வாசலில் சிப்பி அடை சுடுகிறவள். அவர் தூ ஹோ-ஷுய். உப்பளம் மூடும்வரை உப்பு வாரியவர். இருபத்து மூன்று வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. எழுதிக்கொள்வதை மட்டும் ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்கள். இப்போது மருத்துவர் அடுத்த வருஷம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஏழாம் மாதத்தில் எந்த மடையனும் கல்யாணம் செய்ய மாட்டான். இவர்களுக்கு எட்டாம் மாதம் வருமா என்று தெரியவில்லை. மருத்துவமனை நாலரை மணி வரைதான் வெளியே விட்டிருந்தது. உருளையில் இருந்த காற்றும் அதே கணக்குதான்.

“வேற ஆபீஸ் போலாமே அத்தை?” என்று கேட்டான் லாய்.

“நாப்பது நிமிஷம் வண்டியில குலுங்கினா இவரு தாங்க மாட்டாருப்பா. நீ பாத்துக் குடு.” பிறகு, சண்டைக்கு வருபவள்போல் ஒரே மூச்சில் சொன்னாள்: “போன வாரம் ஆஸ்பத்திரிப் பாரத்துல ‘நோயாளிக்கு என்ன உறவு’ன்னு கேட்டிருந்துச்சு. நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு ‘தெரிஞ்சவர்’னு போட்டுட்டா. இருபத்து மூணு வருஷம் இவருக்கு மருந்து கலக்கிக் குடுத்தவ நானு. தெரிஞ்சவளாம்!”

தூ குழாய்க்குள்ளிருந்து சிரித்தார். “தெரியாதவன்னு போடாம விட்டாளே.”

லாய் கணினியில் கருவிகளின் பட்டியலைத் திறந்தான். வேலை தெரிந்தவனுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. மூன்று ஹப்புகள் தெரிந்தன. இரண்டு பெட்டிக்குள்ளேயே இருப்பவை. அவற்றைச் செய்தவன் பெயர் இருந்தது. மூன்றாவது வெளியே எங்கோ இருந்தது. அதற்கு நேரே ‘பொதுவான யூஎஸ்பி ஹப்’ என்று மட்டும் எழுதியிருந்தது. செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“சந்தையில கூடையில கொட்டி விப்பாங்க, அந்த ரகம். ஒரு வயரு உள்ள போவும், ஏழு வாய் வெளிய வரும். செஞ்சவன் பேரே போட மாட்டான்.” வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். கார்டு ரீடர், கீபோர்டு, மவுஸ், கேமரா, நான்கின் வயர்களும் மேசைக்கு அடியில் ஒரு மரப்பலகையின் ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தன. பலகையின் நான்கு மூலையிலும், யாரும் பிரிக்கக் கூடாது என்று முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. கணினிப் பெட்டியின் மற்ற வாய்களிலும் முத்திரைத் தாள். “இந்தப் பலகையத் தொறந்து, ரீடர அந்த ஹப்புலேர்ந்து பிடுங்கி நேரா பெட்டியில சொருகிட்டா முடிஞ்சுது மேடம். ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிஷம் என்ற சொல்லை அந்தக் கட்டடம் இதற்கு முன் கேட்டதில்லை.

பொருட்பதிவு அலுவலர் நியே வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். தலைப்பு: ‘கணினிப் பழுது கையாளும் படிகள்’. முதல் படி, பச்சைப் பொட்டலத்தைச் சரிபார்த்தல்.

கணினியின் தலைமேல் ஒரு பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. அந்த ஊரில் அது இல்லாமல் எந்த இயந்திரமும் சொன்னபடி கேட்காது. பச்சைதான் வேண்டும், மஞ்சள் வைத்தால் மக்கர் செய்யும். காலாவதி ஆகக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. லாயே தன் சந்தைக் கடையில் இரண்டு வைத்திருந்தவன்தான், அதனால் அவன் சிரிக்கவில்லை. நியே மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பொட்டலத்தின் முதுகைப் படித்தார்.

“ஜூன் பதினேழு! ரெண்டு மாசமா காலாவதியான பொட்டலத்த வெச்சு அரசாங்கக் கணினிய ஓட்டியிருக்கீங்க! பான், இது பாதுகாப்பு மீறல்.”

புதுப் பொட்டலம் வாங்க மனு எழுதி, மூன்று முத்திரை குத்தி, எதிர்க்கடையிலிருந்து வாங்கி வந்து, எண் ஒட்டி, பெட்டியின் மேல் நேராக வைக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அது ஒரு சாதனை. பான் ஐந்தாம் முறை கல்யாணத்தை ஏற்றத் தொடங்கினாள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், சாட்சிகள். சாட்சிக் கையெழுத்து வார்டு நர்ஸும் ஒரு மீன்காரரும் போட்டது. நான்காம் நிமிஷம் இறங்குகுரலில் மணியடித்தது.

“போயிட்டாரு,” என்றார் இரண்டாம் மேசைக்காரர்.

“பலகையத் தொறக்கலாமா சார்?” லாய் கேட்டான்.

“என்னத்துக்கு?”

“ஹப்பப் பாக்க.”

நியே ஒரு தடித்த பதிவேட்டைப் பிரித்தார். விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டினார். “மூன்றாம் மேசை. கணினி ஒன்று. திரை ஒன்று. ரீடர் ஒன்று. நாற்காலி ஒன்று, இடது கை உடைந்தது. ஹப்புன்னு எதுவும் இல்ல.”

“ஆனா இருக்கு சார். இதோ கணினியே சொல்லுது.”

“கணினி ஆயிரம் சொல்லும். பதிவேட்டுல இல்லாதத நான் எப்படிக் கழட்ட உத்தரவு குடுப்பேன்? கழட்டின அப்புறம் என்னத்தக் கழட்டினேன்னு எழுதுவேன்? இல்லாத பொருள் இல்லாமப் போச்சுன்னா?”

“கௌ சாரு சொந்தக் காசுல வாங்கி வெச்சிருப்பாரு போல. பாவம், வாய் பத்தலைன்னு.”

“அப்ப அது இறந்தவர் சொத்து,” என்றார் நியே, திருப்தியோடு. “இன்னும் மோசம்.”

லாய் பலகையைத் திறக்காமல் செய்யக்கூடியதைச் செய்தான். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க ஹப்பை அவ்வப்போது தூங்கவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை நிறுத்தினான். நான்கு நிமிஷம் ஐந்தானது. எட்டாகவில்லை. பிறகு எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்ற கணக்கைத் திறந்து பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். திரும்பப் பார்த்தான்.

“இது வேடிக்கையா இருக்கே. ஏழு வாயில நாலுலதான் சாமான் இருக்கு. நாலும் கொஞ்சமாத்தான் குடிக்குது. மூணு வாய் காலி. ஆனாலும் பத்தாம விழுந்து விழுந்து எந்திரிக்குது.” அவன் தனக்குள் பேசிக்கொள்வதுபோல்தான் சொன்னான். “காலியா இருக்கிற வாயில, பட்டியல்ல பேர் இல்லாத யாரோ ஒருத்தர் தின்னுக்கிட்டிருக்காங்க.”

வாசலில் செத்தவர்களின் செலவுக்கென்று காகிதக் காசு எரிக்கும் தொட்டியிலிருந்து கருகல் ஒன்று பறந்து உள்ளே வந்தது. பானின் முகம் வெளுத்தது.

“நான் சொன்னா யாரு கேட்டாங்க?” என்றாள். “ஏழு மாசமா என் கால் பக்கத்துல சூடா இருக்கு. வெறுந்தரையில கால வெச்சா, யாரோ இப்பத்தான் கால எடுத்துட்டுப் போன மாதிரி. குளிர்காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு. நன்றின்னு கூடச் சொன்னேன். இந்த வெயில்லயும் போக மாட்டேங்குறாரு.”

இப்போது அலுவலகத் தலைவர் ஷாவ் தம் அறையிலிருந்து வெளிப்பட்டார். படையலுக்கென்று கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அவர் எதையும் உட்கார்ந்து பேசுவதில்லை.

“அன்பான சக ஊழியர்களே,” என்று தொடங்கினார். “முப்பது ஆண்டுகளாக இந்தப் பதிவகத்தில் அடையாளம் இல்லாத ஒரு நபர்கூட ஒரு நிமிடம்கூடச் சேவை பெற்றதில்லை. எத்தனையோ பேர் கதவடியில் அழுதிருக்கிறார்கள். நாம் அசைந்தோமா? இல்லை. ஏன்? ஆவணம் இல்லாதவனுடைய துயரத்துக்கும் ஆவணம் இல்லை. எழுதப்படாத துயரத்தை நாம் எந்தப் பத்தியில் ஏற்றுவது? ஆகவே இந்த ஹப் பிரச்சினையைக் கருவிப் பழுதாகப் பார்க்காதீர்கள். இது ஒரு பதிவுப் பிரச்சினை. பெற்றோர் தெரியாமல் வாசலில் விடப்பட்ட குழந்தைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? பதிவகமே பெயர் வைக்கலாம்! பெயர் வைப்போம். எண் கொடுப்போம். அதன்பிறகு தொடுவதைப் பற்றி யோசிப்போம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். சியு-ஜினும் தட்டினாள். தட்டினால் வேலை நடக்குமோ என்று நினைத்தாள்.

மூன்று மணிக்குப் பெயர்சூட்டும் கூட்டம் தொடங்கியது. அனாதைக் குழந்தைப் பாரத்தையே எடுத்தார்கள். வேறு பாரம் இல்லை. பாலினம் என்ற இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்றார்கள். வாய்களை வைத்து முடிவு செய்யலாமா என்று நியே கேட்க, பான் காதைப் பொத்திக்கொண்டாள். குடும்பப் பெயராகக் கௌ என்று வைக்கலாம் என்றார் இரண்டாம் மேசைக்காரர். வைத்தால் கௌ குடும்பத்தின் மீன்குட்டையில் ஹப்புக்கும் பங்கு போகும் என்றார் நியே. கடைசியில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு யென் என்றார்கள். பெயர் லியான்-யீ. தலைவரின் மனைவி இரண்டாவது குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயராம். அந்தக் குழந்தை பிறக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் ஷாவ் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டார்.

“பிறந்த தேதி?”

“கண்டெடுத்த நாள்தான் பிறந்த நாள். இன்னிக்கு.”

“ஏழாம் மாதம் பதினைந்தா? பாவம், வாழ்நாள் முழுக்க அதிர்ஷ்டமே இருக்காது,” என்றார் ஷாவ். “நாளைக்குப் போடுங்கள்.”

“நாளைக்குப் போட்டா நாளைக்குத்தான் சார் எண் செல்லும்.”

“நாளைக்குத் தொட்டால் போதுமே. அவசரம் என்ன?”

லாய் பெஞ்சுப் பக்கம் திரும்பினான். சியு-ஜின் உருளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூ கண்களை மூடியிருந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் உதட்டசைவால் எண்ணுவதுபோல் இருந்தது. மணி மூன்றரை.

“தூங்கிட்டாரா அத்தை?”

“தூங்கல,” என்றார் தூ, கண் திறக்காமலே. “கேட்டுக்கிட்டிருக்கேன். அந்த டப்பாவுக்கு நல்ல பேரா வெச்சாங்க.” மூச்சு வாங்கினார். “தம்பி, எனக்குப் புள்ள குட்டி இல்ல. கூடப் பொறந்ததுங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு. இவ என் பொண்டாட்டின்னு ஏறலைன்னா, என் பேர எழுதிக் கும்பிட ஒரு ஆளு இல்ல. வருஷா வருஷம் அடுத்தவன் வாசல்ல தட்ட நீட்டிக்கிட்டு நிக்கணும். உயிரோட இருந்தப்ப ஒருத்தன்கிட்ட கடனா ஒரு முட்டைகூட வாங்கினதில்ல நான்.”

சிறு வயதில் லாயும் எத்தனையோ படையல் மேசைகளைத் தாண்டி ஓடியிருக்கிறான். அந்தப் பக்கம் நிற்கப்போகிறவர்களில் ஒருவருடைய குரலை இன்றுதான் கேட்கிறான்.

அவன் எழுந்து கூட்டத்துக்கு நடுவே போனான்.

“சார், எண் ஒட்டுறதுக்கு முன்னாடி, அத எந்த இடத்துல ஒட்டுறதுன்னு அளவு பாக்கணும் இல்ல?”

நியே யோசித்தார். இதை யாரும் யோசிக்கவில்லையே என்ற கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. “அளவு பாக்கலாம். தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“அளவு பாக்குறதுக்கு முத்திரையப் பிரிக்க ஒரு மனு…”

“எழுதுங்க சார். நீங்க எழுதறதுக்குள்ள நான் குனிஞ்சு வெக்கிறேன்.”

அவன் மேசைக்கு அடியில் நுழைந்தான். நியே மேலே மனு எழுதும் பேனாச் சத்தம் கேட்டது. லாய் முத்திரைத் தாளை நகத்தால் நெம்பிப் பலகையைச் சாய்த்தான்.

ஹப் அங்கே இருந்தது. உள்ளங்கை நீளம்தான்; ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழுப்பேறியிருந்தது. இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் சுவரோடு ஒட்டி, விழாமலிருக்க ஒரு நூலாலும் கட்டியிருந்தார் கௌ. சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான்கு வாயில் நான்கு வயர். ஐந்தாவது வாயிலும் ஒரு வயர் இருந்தது. அது கீழே இறங்கித் தூசிக்குள் போனது.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போனான். தரையில், பலகைக்குப் பின்னால் தள்ளப்பட்டு, கம்பளித் துணியாலான ஒரு ஜோடிக் கால்பை கிடந்தது. குளிர்காலத்தில் காலை உள்ளே விட்டுக்கொள்ளும் சூடேற்றி. தனக்குப் பெயர் என்று எதையும் கணினியிடம் சொல்லத் தெரியாத மக்குச் சாமான். மின்சாரத்தை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பட்டியலில் வரவில்லை. லாய் உள்ளே கையை விட்டான்.

வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் காலை எடுத்த மாதிரி. உள்பக்கத்துக் கம்பளி இரண்டு பாதங்களின் அச்சில் அமுங்கியிருந்தது. இடது காலின் பெருவிரல் இடத்தில் கறுப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. ஆண்பிள்ளைத் தையல், கோணல்மாணலாக.

ஏழு மாதமாக, ஆள் போன பிறகும், இந்தச் சூடு அவருக்காக இங்கே காத்திருந்திருக்கிறது. லாய்க்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் ஊர் முழுக்க எழுதிவைத்த மனிதருக்குக் கால் குளிர்ந்திருக்கிறது; அதை யாரிடமும் சொல்லாமல் தானே வாங்கித் தானே ஒட்டி ஒளித்து வைத்திருக்கிறார். சொல்லியிருந்தால் மனு எழுதச் சொல்லியிருப்பார்கள்.

“கௌ சார்,” என்றான் மெதுவாக. முழுப் பெயர் தெரியாதது நல்லதாகப் போயிற்று. “கோடைக்காலம் சார் இது. வெளிய ரெண்டு பேரு உங்க மேசைக்குத்தான் வந்திருக்காங்க. கொஞ்சம் கால எடுத்துக்குங்க.”

ஐந்தாவது வாயிலிருந்த வயரைப் பிடுங்கினான். ஹப்பின் நீல விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. பிறகு அசையாமல் எரிந்தது.

“மேடம்,” என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தான். “இப்ப ஏத்துங்க.”

பான் கேள்வி கேட்கவில்லை. அட்டையைச் செருகினாள். மாப்பிள்ளை, பெண், முகவரி, சாட்சிகள். நான்கு நிமிஷம் ஆனது. ஐந்து. நியேயின் பேனா நின்றது. ஆறு. ஷாவ் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மணிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். ஏழு. வரவில்லை.

“இப்ப…” பான் தயங்கினாள். “ரெண்டு பேரோட முழுப் பேரையும் நான் சத்தமா வாசிச்சு உறுதி கேக்கணும். விதி. ஆனா இந்த நேரத்துல, வாசல்ல…” கையை வாய்க்குக் குவித்துக் கிசுகிசுக்கப் போனாள்.

“சத்தமாப் படிம்மா,” என்றார் தூ. கைப்பிடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “கேக்கிறவங்க எல்லாம் கேக்கட்டும். நான் யாருன்னு அங்கயும் நாலு பேருக்குத் தெரியட்டுமே.”

பான் எழுந்து நின்று வாசித்தாள். தூ ஹோ-ஷுய். ஜோ சியு-ஜின். புகை நிறைந்த வாசல்வரை அந்தப் பெயர்கள் போயின. ஊதுபத்திகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன, காற்றாக இருக்கலாம். சியு-ஜின் “ஆமா, ஆமா,” என்று இரண்டு முறை சொன்னாள், ஒன்று அவருக்கும் சேர்த்து. மணி நான்கு பத்து. அச்சு இயந்திரம் சான்றிதழைக் கக்கியது. அவள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்ல நேரமில்லாமல் ஓடினாள்.

லாய் மேசைக்கு அடியிலிருந்து சூடேற்றியோடு வெளியே வந்தான். பான் அதைப் பார்த்தாள். தொட்டாள். அழுதாள். “இனிமே கால் சில்லுனு இருக்குமே,” என்றாள் சம்பந்தமில்லாமல்.

நியே பேனாவை மூடினார். “நீ என்ன செஞ்சேன்னு தெரியுமா? இன்னும் பிறக்காத ஹப்புலேர்ந்து, அடையாளம் தெரியாத பொருள, அளவு பாக்குற அனுமதியில, அதுவும் எழுதி முடிக்காத அனுமதியில, பிரிச்சிருக்கே.”

“பழுதச் சரிபண்ணிருக்கேன் சார்.”

“அதுக்கு ஒரு மனுவும் எங்க கைக்கு வரலையே,” என்றார் ஷாவ், உண்மையான வேதனையோடு.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. யென் லியான்-யீ முறைப்படி மறுநாள் பிறந்து, எண் பெற்று, பதிவேட்டில் ஏறியது. சூடேற்றிக்குப் பெயர் வைக்கத் தனிக் குழு போட்டார்கள். லாயின் பெயரை ஒப்பந்தக்காரர் தம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அதற்கு ஒரு முத்திரைகூடத் தேவைப்படவில்லை. அவன் சந்தைக்கே திரும்பித் திரை மாற்றத் தொடங்கினான்.

தூ கல்யாணம் ஏறிய பதினோராம் நாள் போனார், ஏழாம் மாதம் முடிவதற்கு முன்பே. சியு-ஜின் பக்கத்தில் இருந்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு பகல் லாய் மீன்சந்தைப் பக்கம் போனபோது அவள் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாள். தட்டை வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். பதிவகத்தின் முத்திரை. உறை பிரிக்கப்படாமல் இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று லாய்க்குத் தெரியும். அவனுக்கும் ஒன்று வந்திருந்தது. அன்று மேசைக்கு அடியில் எவர் எதைப் பிடுங்கினார் என்று சாட்சி கேட்டு எழுதியிருப்பார்கள். பழுதான நிலையில் ஏறிய அந்தக் கல்யாணத்தை மறுபரிசீலனை செய்யலாமா என்றும் ஒரு பத்தி இருக்கும்.

“அத்தை, இதுக்குப் பதினஞ்சு நாளைக்குள்ள பதில் போடணும். உள்ள என்ன எழுதிருக்குன்னு…”

“உள்ள இருக்கிறது கெடக்கட்டும். மேல படி.”

“மேலயா?”

“முகவரி. படிப்பா. எனக்குப் படிக்கத் தெரியும், நீ படி.”

லாய் உறையைத் திருப்பினான். அரசாங்க அச்சு எழுத்து, ஒரு பிசிறு இல்லாமல்.

“காலஞ்சென்ற தூ ஹோ-ஷுய் அவர்களின் மனைவி, ஜோ சியு-ஜின் அவர்களுக்கு.”

கல்லில் அடை கருகத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் செருமினார்.

“இன்னொரு தரம் படி,” என்றாள். “கொஞ்சம் சத்தமா.”